பெத்தெஸ்டா: கோட்டைக்கும் ஜெபக்கூடத்துக்கும் ஒரே சட்டம்... கூரை ஒழுகினால் யார் செலவு?

வேல்ஸ் நாட்டின் வடமேற்கில், மலையடிவாரத்தில் பெத்தெஸ்டா என்று ஓர் ஊர். நீளமாக ஒரு கடைத்தெரு. அந்தத் தெருவில் நடந்து போகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிப்பார்கள். பழைய பப்புகள், அதாவது மதுக்கடைகள், எல்லாமே தெருவின் ஒரே பக்கத்தில்தான் இருக்கின்றன. எதிர்ப்பக்கத்தில் ஒன்றுகூடக் கிடையாது. என்னங்க காரணம் என்று கேட்டால், ஊர்க்காரர்கள் சொல்வது இதுதான்: எதிர்ப்பக்கத்து நிலம் பென்ரின் பிரபுவுக்குச் சொந்தம். அவருடைய மண்ணில் சாராயம் விற்கக் கூடாது. அதனால் கடை வைக்க நினைத்தவர்கள் எல்லாரும் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள்.

இந்தச் சின்ன ஊரில் சுமார் 40 கட்டடங்கள் சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன. அதில் மூன்று, மேலே சொன்ன பப்புகள். மிச்சமெல்லாம் வீடுகள், கடைகள், ஜெபக்கூடங்கள் என்று கலந்துகட்டி இருக்கும். ஊரிலேயே ஒரே ஒரு கட்டடத்துக்கு மட்டும் முதல் தரம் கிடைத்திருக்கிறது. அது மாளிகையோ நீதிமன்றமோ இல்லை. ஜெருசலேம் என்ற பெயருடைய ஜெபக்கூடம்.

இங்கிருந்து சில மைல் தள்ளி, பென்ரின் பிரபுவின் கோட்டை நிற்கிறது. அதுவும் முதல் தரம்தான். குவாரி முதலாளியின் கோட்டையும், அந்தக் குவாரித் தொழிலாளர்கள் தொழுத கூடமும் சட்டத்தின் கண்ணில் சரிசமம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூரை ஒழுக ஆரம்பித்தால் அந்தச் சமத்துவம் என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி.

'பட்டியலில் இருக்கிறது' என்றால் என்ன?

பிரிட்டனில் இதைப் 'பட்டியலிடப்பட்ட கட்டடம்' என்பார்கள். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து ஊர் ஊராக நொறுங்கிய பிறகு, எதைக் காப்பாற்றுவது, எதை இடிப்பது என்று முடிவெடுக்க ஒரு கணக்கு தேவைப்பட்டது. அப்படி 1940களில் தொடங்கியது இந்த ஏற்பாடு. இன்று வேல்ஸில் மட்டும் சுமார் 30,000 கட்டடங்கள் பட்டியலில் இருக்கின்றன.

மூன்று தரங்கள் உண்டு. முதல் தரம் மிக மிக அரிதானவற்றுக்கு; மொத்தத்தில் நூற்றுக்கு இரண்டுகூட வராது. அடுத்தது இரண்டாம் தரத்திலேயே நட்சத்திரம் போட்டவை. மீதி எல்லாம் சாதாரண இரண்டாம் தரம். 1700க்கு முன்னால் கட்டி, ஏறக்குறைய அப்படியே நிற்கிற எதுவும் பட்டியலில் வந்துவிடும். 1840 வரை கட்டியவற்றில் பெரும்பாலானவை வரும். அதற்குப் பிந்தியவற்றைப் பொறுக்கித்தான் எடுப்பார்கள்.

'கட்டடம்' என்ற சொல்லையும் தாராளமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். சாலையோர மைல்கல், சிவப்புத் தொலைபேசிக் கூண்டு, பாலம், தண்ணீர்ப் பம்பு எல்லாம் பட்டியலில் உண்டு. இந்தக் குவாரியின் கல்லை ஏற்றுமதி செய்த பென்ரின் துறைமுகத்தில் ஒரு வட்ட வடிவக் கழிப்பறை இருக்கிறது. துறைமுக ஆட்கள் வட்டமாக உட்கார்ந்து பயன்படுத்தியது. அதுவும் பாதுகாக்கப்பட்ட கட்டடம்தான்! சிரிப்பு வரும். ஆனால் தொழிலாளியின் ஒரு நாள் எப்படிப் போனது என்று தெரிந்துகொள்ள, பிரபுவின் விருந்து மண்டபத்தைவிட அந்தக் கழிப்பறைதான் அதிகம் சொல்லும்.

இந்தப் பட்டியலைப் பார்த்துக்கொள்வது வேல்ஸ் அரசின் 'கடூ' என்ற அமைப்பு. 1984ல் தொடங்கியது. வெல்ஷ் மொழியில் அந்தச் சொல்லுக்குக் 'காத்து வைத்தல்' என்று பொருள். நம் 'கா' என்ற வேர்ச்சொல்லுக்கும் அதற்கும் உறவு எதுவும் இல்லை. ஆனாலும் தமிழ்க் காதுக்குச் சட்டென்று பிடிபடுகிற பெயர்.

சட்டமும் இப்போது வேல்ஸின் சொந்தச் சட்டம். முன்பு லண்டன் நாடாளுமன்றம் போட்ட பல சட்டங்களைத் தேடித் தேடிப் படிக்க வேண்டியிருந்தது. அவற்றை எல்லாம் ஒன்றாக்கி 2023ல் வேல்ஸ் நாடாளுமன்றம் வரலாற்றுச் சூழல் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2024 நவம்பர் 4ல் அது நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலம், வெல்ஷ் இரண்டிலும் எழுதப்பட்ட சட்டம். இரண்டு பிரதிக்கும் ஒரே மதிப்பு.

வீட்டுக்காரருக்கு என்ன ஆகும்?

முதலில் ஒரு தப்பெண்ணத்தைச் சரிசெய்துவிடலாம். பட்டியலில் வந்துவிட்டால் வீடு அரசாங்கத்துக்குப் போய்விடாது. விற்கலாம், வாங்கலாம், குடியிருக்கலாம். இடிப்பது, நீட்டிக் கட்டுவது, அதன் தன்மை மாறுகிற மாதிரி எதையாவது செய்வது... இதற்கெல்லாம்தான் உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். முன்பக்கம் மட்டும்தான் பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டு உள்ளே மாடிப்படியைப் பெயர்த்தவர்கள் மாட்டிக்கொண்டதுண்டு. பாதுகாப்பு உள்ளேயும் வெளியேயும் சேர்த்துத்தான். 1948 ஜூலை 1க்கு முன்பிருந்தே அந்த வளாகத்தில் இருக்கும் மதில், கொட்டகைகூடக் கணக்கில் சேரும்.

அனுமதியில்லாமல் கைவைத்தால் அது குற்றவியல் குற்றம். அபராதத்துக்கு உச்சவரம்பு கிடையாது, இரண்டு ஆண்டுவரை சிறையும் போடலாம். இதைவிடக் கடுமையான ஒரு விஷயம் இருக்கிறது. 'பழையபடி மாற்றி வை' என்று உத்தரவு போடுவதற்குக் காலக்கெடு கிடையாது. இருபது வருஷத்துக்கு முன் யாரோ ஒருவர் மரச் சன்னலைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் சன்னல் மாட்டியிருக்கலாம். அது தெரியாமல் நேற்று வீடு வாங்கியவர் தலையிலும் அந்த உத்தரவு வந்து விழலாம்.

2016ல் வேல்ஸ் கொண்டுவந்த ஒரு நல்ல மாற்றத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரு கட்டடத்தைப் பட்டியலில் சேர்க்கப் போகிறோம் என்றால் உரிமையாளரிடம் முறைப்படி கருத்துக் கேட்க வேண்டும். 'கருத்துக் கேட்கிறார்களா? அதற்குள் இடித்துத் தள்ளிவிடு' என்று யாரும் புல்டோசர் கொண்டுவந்துவிடக் கூடாது இல்லையா? அதனால் கருத்துக் கேட்கத் தொடங்கும் நாளிலிருந்தே இடைக்காலப் பாதுகாப்பு வந்துவிடும்.

இதெல்லாம் 'செய்யாதே' என்ற பக்கம். 'செய்' என்ற பக்கத்தில் சட்டத்தின் குரல் கொஞ்சம் தாழ்ந்துவிடுகிறது. கட்டடத்தைப் பழுதில்லாமல் வைத்திருக்க வேண்டும் என்று உரிமையாளரை நேரடியாகக் கட்டாயப்படுத்தும் பொதுவான விதி இல்லை. நிலைமை மோசமானால் உள்ளாட்சி அவசர வேலைகளைத் தானே செய்துவிட்டுச் செலவை வசூலிக்கலாம். பழுது பார்க்கச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கலாம், கடைசியில் கையகப்படுத்தவும் செய்யலாம். கையகப்படுத்தினால் கட்டடத்தின் சுமை உள்ளாட்சியின் தலையில் ஏறும். பணமில்லாத எந்த உள்ளாட்சி அதற்குத் துணியும்?

ஜெபக்கூடத்தின் பெயரே ஊரின் பெயர்

பெத்தெஸ்டா என்பது விவிலியத்தில் வரும் ஒரு குளத்தின் பெயர். 1820களில் இங்கே கட்டிய ஒரு சேப்பலுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். சேப்பலைச் சுற்றி ஊர் வளர்ந்தது, அதன் பெயரே ஊருக்கும் ஒட்டிக்கொண்டது. அந்தச் சேப்பல் கட்டடம் இன்று அடுக்ககக் குடியிருப்பு. ஊருக்குப் பெயர் கொடுத்த கூடத்தில் இப்போது யாரோ காபி போட்டுக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். இடிந்து கிடப்பதைவிட அது எவ்வளவோ மேல் என்பதே நம் கருத்து.

சேப்பல் என்பதை நம்மூர் 'சர்ச்' என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. அங்கே சர்ச் என்றால் ஆங்கிலிக்கன் திருச்சபை. நிலப்பிரபுவின் குடும்பம் முன்வரிசையில் உட்காரும் இடம். அதில் சேராத சபைகளின் கூடம்தான் சேப்பல். ஆராதனை வெல்ஷ் மொழியில் நடக்கும். தொழிலாளர்கள் கூலியிலிருந்து மிச்சம்பிடித்த காசில் கட்டியவை. ஞாயிறு பள்ளியில் எழுத்தறிவு, வார நாளில் பாட்டுப் பயிற்சி, கூட்டம், விவாதம் எல்லாம் அங்கேதான். வேல்ஸ் முழுவதும் இப்படி 6,000க்கும் மேற்பட்ட சேப்பல்கள் எழும்பின.

ஜெருசலேம் சேப்பலை 1840களில் கட்டி, 1870களில் பெரிதாக மாற்றியமைத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கம்பீரம். உள்ளே போனால்தான் அதன் சிறப்பு தெரியும். இருக்கைகள் நேர்வரிசையில் இல்லை, விசிறி விரித்த மாதிரி வளைந்து போகின்றன. மேலே மாடமும் அப்படியே. எங்கே உட்கார்ந்தாலும் பிரசங்கியார் தெரிவார், அடுத்தவர் முகமும் தெரியும்.

இவ்வளவு பெரிய கூடம் கட்ட இந்த மலையூருக்குக் காசு எங்கிருந்து வந்தது? கல்லிலிருந்துதான். நாம் சின்ன வயதில் எழுதிப் பழகிய சிலேட்டுப் பலகை இருக்கிறதே, அந்த வகைக் கல். மெல்லிய தகடுகளாகப் பிளந்து கூரை வேய்வார்கள். பென்ரின் குவாரி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலகிலேயே பெரிய சிலேட்டுக் குவாரி. ஏறக்குறைய 3,000 பேர் அங்கே வேலை செய்தார்கள்.

மூன்று ஆண்டு, ஒரு அட்டை

குவாரியில் 'பேரம்' என்றொரு முறை இருந்தது. ஒரு சிறு குழுவுக்குப் பாறையில் ஒரு பகுதியை ஒதுக்குவார்கள். அந்தப் பாறையின் தரத்தைப் பார்த்து மாதாமாதம் கூலியைப் பேசி முடிப்பார்கள். கூலி குறைவோ கூடவோ, தன் கைவேலைக்குத் தானே விலை பேசுகிற கௌரவம் தொழிலாளிக்கு இருந்தது. அந்த முறையை ஒழித்துக் காண்ட்ராக்டர்களைக் கொண்டுவர நிர்வாகம் முயன்றது. குவாரிக்குள் சங்கச் சந்தா வசூலிக்கவும் தடை போட்டது. 1900 நவம்பர் 22 அன்று சுமார் 2,800 பேர் வேலையை விட்டு வெளியேறினார்கள்.

திரும்ப வர மூன்று ஆண்டு ஆனது. 1901 ஜூனில் சில நூறு பேர் வேலைக்குத் திரும்பினார்கள். திரும்பியவர்களுக்கு ஆளுக்கொரு தங்க நாணயமும் கூலி உயர்வும் கிடைத்தன. அன்றைக்கு ஊர் இரண்டாகப் பிளந்தது. வேலைக்குப் போகாதவர்களின் சன்னல்களில் ஒரு அட்டை தொங்கியது. வெல்ஷ் மொழியில் ஒரே வரி: இந்த வீட்டில் துரோகி யாரும் இல்லை. அட்டையைக் கழற்றிவிட்டால் ஊருக்கே செய்தி தெரிந்துவிடும். அண்ணன் தம்பி பேச்சை நிறுத்தினார்கள். பக்கத்து ஊரான ட்ரெகார்த்தில், வேலைக்குத் திரும்பியவர்களுக்கென்று கட்டிக் கொடுத்த வீட்டு வரிசைக்கு 'வால் தெரு' என்று பட்டப்பெயர் விழுந்தது. கருங்காலி என்று நாம் திட்டுவதை அவர்கள் 'வால்' என்று திட்டினார்கள்.

பாடகர் குழுக்கள் பிரிட்டன் முழுக்கப் பாடிக் காசு திரட்டின. 1903 நவம்பரில் காசும் தெம்பும் தீர்ந்துபோய், போராட்டம் தோற்றது. பலருக்கு வேலை திரும்பக் கிடைக்கவே இல்லை. நிறைய பேர் தெற்கு வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்விட்டார்கள்.

இப்போது அந்தக் கடைத்தெருவைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். பிரபுவின் மண்ணில் வராத பப்பு, அட்டை தொங்கிய சன்னல், வெல்ஷில் பாடிய சேப்பல். 40 கட்டடங்களைப் பட்டியலில் சேர்த்ததை வெறும் அழகுக்காகச் செய்ததாக எடுத்துக்கொள்ள முடியாது. 2021ல் யுனெஸ்கோ, வடமேற்கு வேல்ஸின் சிலேட்டு நிலப்பரப்பை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது பென்ரின் குவாரியோடு பெத்தெஸ்டா ஊரையும் சேர்த்துக்கொண்டது.

கோட்டை எப்படிப் பிழைத்தது?

பென்ரின் கோட்டை உண்மையில் போருக்குக் கட்டிய கோட்டை இல்லை. 1820களிலும் 30களிலும் தாமஸ் ஹாப்பர் என்ற கட்டடக் கலைஞர், பழைய நார்மன் கோட்டை மாதிரி வடிவமைத்த மாளிகை. உள்ளே சிலேட்டுக் கல்லில் செய்த ஒரு டன் எடைக் கட்டில்கூட உண்டு. இந்தக் குடும்பத்தின் பணத்துக்குச் சிலேட்டோடு இன்னொரு ஊற்றும் இருந்தது: ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்கள், அடிமைகளின் உழைப்பு. அடிமை முறை ஒழிக்கப்பட்டபோது 764 பேரை 'இழந்ததற்காக' அரசு இந்தக் குடும்பத்துக்குக் கொடுத்த இழப்பீடு 14,683 பவுண்டு. விடுதலையானவர்களுக்குக் கொடுத்தது ஒன்றுமில்லை.

இந்தக் கோட்டை 1951ல் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் கைக்கு வந்தது. எப்படி? வாரிசு வரியைப் பணமாகக் கட்டுவதற்குப் பதிலாக மாளிகையையே அரசுக்குக் கொடுக்கலாம் என்று பிரிட்டனில் ஒரு வழி உண்டு. அந்த வழியில்தான். 50 லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள் உள்ள அறக்கட்டளை அது. நுழைவுக் கட்டணம், தேநீர்க் கடை, நினைவுப்பொருள் கடை எல்லாம் உண்டு. கோட்டையைக் காப்பாற்றியதில் தப்பில்லை. அடிமைப் பணத்தின் கதையையும் வேலைநிறுத்தத்தின் கதையையும் இப்போது அங்கேயே சொல்கிறார்கள். ஆனாலும், பெத்தெஸ்டாவில் சில குடும்பங்கள் இன்றுவரை அந்த வாசலை மிதிப்பதில்லை.

நம் கேள்வி வேறு. மாளிகைக்கு வரிச் சட்டத்தில் ஒரு கதவு திறந்திருந்தது. சேப்பலுக்கு அப்படி ஒரு கதவு இல்லை. அங்கே யாருக்கும் பெரிய சொத்தும் இல்லை, கட்டுவதற்கு வாரிசு வரியும் இல்லை. இருந்தது சபை மட்டும்தான். அந்தச் சபைகள்தான் வேல்ஸ் முழுக்க வேகமாகச் சுருங்கிக்கொண்டிருக்கின்றன. நூற்றுக்கணக்கானோர் உட்காரக் கட்டிய கூடத்தில் வயதான ஒரு சிலர் இருந்துகொண்டு கூரைக்கும், வெப்பமூட்டிக்கும், காப்பீட்டுக்கும் காசு தேட வேண்டியிருக்கிறது.

வரியின் விளையாட்டு

பிரிட்டனில் புது வீடு கட்டினால் மதிப்புக் கூட்டு வரி பூஜ்யம். பழைய கட்டடத்தைப் பழுது பார்த்தால் 20 சதவீதம். முன்பு, பட்டியலிடப்பட்ட கட்டடத்தில் அனுமதி பெற்றுச் செய்யும் மாற்றங்களுக்காவது வரிவிலக்கு இருந்தது. 2012 அக்டோபரில் அதையும் எடுத்துவிட்டார்கள். ஆக, 'இதை இடிக்காதே, அதே கல்லில், அதே மரத்தில் சரிசெய்' என்று ஒரு கை சொல்கிறது. சரிசெய்தால் அதற்கு வரி கட்டு என்று இன்னொரு கை நீட்டுகிறது. அனுமதி விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லையே என்பார்கள். உண்மைதான். கட்டணமில்லாத அனுமதியை வைத்துக்கொண்டு கூரை வேய முடியாது.

வழிபாட்டு இடங்களுக்கு மட்டும் ஒரு நிவாரணம் இருந்தது. 2001ல் வந்த திட்டத்தின்படி, பட்டியலிடப்பட்ட வழிபாட்டு இடங்கள் பழுதுபார்ப்புக்குக் கட்டிய வரியை மானியமாகத் திரும்பப் பெற முடிந்தது. 2025 ஏப்ரல் முதல் அதற்கும் ஒரு கட்டடத்துக்கு ஆண்டுக்கு 25,000 பவுண்டு என்று உச்சவரம்பு வந்தது. சின்ன வேலைக்கு அது போதுமாக இருந்தது. பெரிய கூரை முழுவதையும் மாற்ற வேண்டுமென்றால் பற்றவில்லை. 2026 மார்ச்சோடு அந்தத் திட்டமே முடிந்துவிட்டது.

அதைவிட முக்கியம், அந்தத் திட்டம் வழிபாடு நடக்கிற இடங்களுக்கானதாகத்தான் இருந்தது. வழிபாடு நின்று, கதவை மூடிவிட்டால்? வழிபாடு நின்றுபோன சேப்பல்களை ஏற்றுக் காக்க 1999ல் வேல்ஸில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். நல்ல வேலைதான் செய்கிறது. ஆனால் அதன் பொறுப்பில் இருப்பவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். மூடுகிற சேப்பல்களோ அப்படி இல்லை.

வீட்டுக்காரர்களின் பாடும் இதேதான். குவாரித் தொழிலாளியின் வீட்டு வரிசை பட்டியலில் இருந்தால், சன்னலை மரத்தில்தான் மாட்ட வேண்டும், கூரைக்குப் பொருத்தமான சிலேட்டு வேண்டும். வேல்ஸ் சிலேட்டு விலை அதிகம்; வெளிநாட்டுச் சிலேட்டு மலிவு. தாத்தா வெட்டிய கல்லைப் பேரன் தன் வீட்டுக் கூரைக்கு வாங்கத் தயங்க வேண்டிய நிலை. பட்டியலையே வெறுக்கிறவர்கள் ஊரில் இருந்தால் அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

'அப்படியானால் பட்டியலே வேண்டாம், விட்டுவிடலாம்' என்பது இதற்குப் பதிலாகாது. பட்டியல் இல்லாமல் போயிருந்தால் கோட்டை அப்போதும் நின்றிருக்கும். காணாமல் போயிருப்பவை சேப்பலும் வீட்டு வரிசையும்தான். சேப்பலுக்கும், பப்புக்கும், துறைமுகக் கழிப்பறைக்கும் கோட்டைக்குக் கொடுத்த அதே மரியாதையைக் கொடுத்தது இந்தச் சட்டத்தின் பெருமை. மரியாதையோடு பணமும் வந்தாக வேண்டும் என்பதுதான் நம் வாதம். பழுதுபார்ப்புக்கும் புதுக் கட்டுமானத்துக்கும் ஒரே வரி விகிதம், மூடிய சேப்பலை வாசகசாலையாகவோ வீடாகவோ பாட்டுக் கூடமாகவோ மாற்றுகிறவர்களுக்கும் மானியம், பட்டியலில் உள்ள சாதாரண வீடுகளுக்குச் சன்னல், கூரைக்காக ஒரு சிறு நிதி... இவற்றில் எதுவும் நடக்க முடியாத காரியம் இல்லை.

ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. எந்தக் கட்டடத்தைக் காக்க வேண்டும் என்று முடிவு செய்வது கார்டிஃபில் உள்ள வேல்ஸ் அரசு. மதிப்புக் கூட்டு வரி எவ்வளவு என்று முடிவு செய்வது லண்டனில் உள்ள பிரிட்டன் நிதியமைச்சகம். வேல்ஸுக்குப் பகிர்ந்து கொடுத்த அதிகாரங்களில் இந்த வரி இல்லை. பெத்தெஸ்டாவில் கூரை ஒழுகினால், வாளி வைக்கிறவர் இரண்டு ஊருக்கும் மனுப் போட வேண்டும்.